மேளத்துக்குப் பின்னால் நடக்கும் கார்

வளர்மதியின் இடது கால் சும்மா இருக்காது. சோறு தின்னும்போதும், பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் பாதம் தானாக ஒருமுறை அமுங்கி எழும். பதினோரு வருஷமாக முந்திரி உடைக்கிற மிஷினில் உட்கார்ந்த கால் அது. கொட்டையை இரண்டு கத்திகளுக்கு நடுவில் வைத்துக் காலால் கட்டையை அமுக்கி இறுக்க வேண்டும். கைப்பிடியைத் திருகினால் ஓடு பிளக்கும். கால் கொஞ்சம் கூடினால் பருப்பு இரண்டாகிவிடும். குறைந்தால் கொட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். முழுப் பருப்பு கடைக்குப் போகும், உடைசல் வீட்டுக் குழம்புக்கு. அவள் வீட்டுக் குழம்பில் உடைசல் அதிகம் இருந்ததில்லை.

வரதராஜன்பேட்டையைத் தாண்டி முந்திரிக் காட்டு ஓரத்தில் அவர்கள் வீடு. வாசலில் வேப்பமரத்தடியில் வெள்ளைக் கான்டஸா கார் நிற்கும். நீளமான மூக்கு, முகத்தில் நாலு விளக்கு. சுற்றுவட்டாரத்தில் பெண் அழைப்பு என்றால் முதலில் கேட்பது இந்த வண்டியைத்தான். புதுக் கார்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் இதன் முன்மூக்கில் பூச்சரம் கட்டினால் வருகிற களை வேறு எதற்கும் வராது என்று சொல்வார்கள்.

வண்டியை ஓட்டுவது அவள் புருஷன் பூவரசன். முன்பு சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினான். சிமென்ட் ஆலையில் பாரம் கொட்டிவிட்டுப் பின்கதவைப் பூட்டப் போனபோது கதவு இறங்கி இடது காலில் விழுந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு சேரவில்லை. முழங்கால் வரை உயிர் இருக்கும், அதற்குக் கீழே பாதம் ஈரத்துணி மாதிரித் தொங்கும். எட்டு மாதம் அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பிட்டியா என்றால் "ம்" என்பான். வலிக்குதா என்றால் அதற்கும் "ம்"தான்.

அப்போதுதான் உடையார்பாளையத்தில் ஒரு பெரிய வீட்டில் இந்தக் கார் ஓலைக்கொட்டகைக்குள் கிடப்பதாகத் தெரிய வந்தது. அந்த வீட்டு மகன் சென்னையில் வைத்து ஜப்பான் கார் ஒன்றின் இஞ்சினையும் அதன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸையும் இதற்குள் இறக்கியிருந்தான். பிறகு வெளிநாடு போய்விட்டான். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. அதை வாங்கி வந்த முதல் நாள் பூவரசன் அதில் உட்கார்ந்து வாசலை ஒரு சுற்று சுற்றி வந்தான். இறங்கி வந்து அவளிடம், "கொழம்பு என்னா வச்ச?" என்று கேட்டான். எட்டு மாதத்தில் அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி. வளர்மதி அன்றைக்கு அந்த வண்டியின் நாலு டயருக்கும் பொட்டு வைத்தாள்.

அந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்தான் இந்த வைகாசியில் செத்துப் போயிற்று. ஆண்டிமடத்திலிருந்து திரும்பும்போது இஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்து, ஜெயங்கொண்டம் போகிற ரோட்டில் கிருஷ்ணமூர்த்தியின் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

கிருஷ்ணமூர்த்தி பூவரசனோடு ஒன்றாகக் கிளீனராக இருந்தவன். வளர்மதியைத் தங்கச்சி என்பான், அதனால் பூவரசன் அவனுக்கு மச்சான். மூன்று நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தான்.

"மச்சான், உள்ள எல்லாம் கருகிப் போச்சு. திருச்சில கேட்டுட்டேன், மெட்ராஸ்ல கேட்டுட்டேன். இதுக்குச் சாமான் எவன்கிட்டயும் இல்ல. இஞ்சின் ராசா மாதிரி இருக்கு. கையால போடுற கியர் பாக்ஸ் ஒண்ணு வச்சு சேத்துட்டா இன்னும் இருவது வருசம் ஓடும்."

பூவரசன் தன் இடது காலைப் பார்த்தான். அவன் பார்த்ததால் மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"வேற டிரைவர் போட்டுக்க வேண்டியதுதான்" என்றான் பூவரசன். "நான் வூட்ல இருந்து போன் எடுக்குறேன். முதலாளி ஆயிடுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வளர்மதி அந்தச் சிரிப்பை நம்பவில்லை. வீட்டில் அந்தக் கட்டில் இன்னும் அந்தச் சுவரோரம்தான் கிடந்தது.

"கையால அமுக்குற மாதிரி கிளட்ச் வைக்க முடியாதாண்ணே?"

"வைக்கலாம் தங்கச்சி. கோயமுத்தூர் போவணும், ஒரு மாசம் ஆவும். மீன்சுருட்டிக் கல்யாணம் எப்ப?"

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம பொண்ணழைப்பு."

"பதினோரு நாளு." கிருஷ்ணமூர்த்தி தலையைச் சொறிந்தான். தலையில் கிரீஸ் அப்பியது. பிறகு நிமிர்ந்து பரணைப் பார்த்தான். ஏணியைப் போட்டு ஏறினான். பழைய சைலன்சர், ரேடியேட்டர் எல்லாம் உருண்டு விழுந்தன. ஒட்டடையோடு ஒரு இரும்புப் பெடலும் கம்பியுமாக இறங்கி வந்தான்.

"பெரம்பலூர்ல ஒரு டிரைவிங் ஸ்கூல் மூடுனப்ப வாங்கிப் போட்டது. கத்துக்குறவன் முழிச்சான்னா பக்கத்து சீட்டுல இருக்குற வாத்தியாரு அமுக்குவாரு பாரு, அந்தக் கிளட்ச் பெடல். இங்க அமுக்குனா அங்க அமுங்கும்."

"எனக்கு எந்த வாத்தியாரு வரப்போறாரு?" என்றான் பூவரசன்.

கிருஷ்ணமூர்த்தி கீழே பார்த்தான். கவிழ்த்த பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்திருந்த வளர்மதியின் இடது பாதம் அமுங்கி, மெதுவாக எழுந்தது.

"ஏங்க, என்னாத்துக்கு ரெண்டு பேரும் என் காலப் பாக்குறீங்க?" என்றாள்.

கியர் பாக்ஸ் தேடுவதற்கு மூன்று நாள் ஆயிற்று. பூவரசன் நல்ல காருடைய கியர் பாக்ஸாகப் பார்க்கச் சொன்னான். கிருஷ்ணமூர்த்தி ஒரு பழைய சரக்கு வேனுடையதைக் கொண்டுவந்து இறக்கினான்.

"என்னாடா இது, காருக்கு மூட்ட வண்டி கியரா?"

"நீ ரேசுக்கா போற? நீ போறது மேளத்துக்குப் பின்னால. நாயனக்காரன் நடந்துகிட்டே ஊதுவான், நீ அவன் குதிகால இடிக்காமப் போவணும். கார் கியர்ல அந்த வேகத்துல போவணும்னா அர கிளட்சுலயே பிடிச்சுகிட்டுக் கெடக்கணும். அர மணியில கிளட்ச் தீஞ்சு நாறும். இதுல மொத கியர் பாரம் இழுக்குற கியர். போட்டு வுட்டுட்டா மாடு மாதிரி அதுபாட்டுக்கு நடக்கும். கிளட்சத் தொட வேணாம்."

பூவரசன் அந்தக் கியர் பாக்ஸை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான். "யோசிச்சுதான் செஞ்சிருக்க" என்றான். அவன் வாயால் அவ்வளவு வந்ததே பெரிது.

இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் வாய் பொருந்தவில்லை. நடுவில் ஒரு இரும்புத் தட்டு வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக ஒரு சின்னச் சாமான். கியர் பாக்ஸிலிருந்து நீளும் தண்டின் நுனி, இஞ்சினுடைய முனைக் குழியில் போய் உட்கார்ந்து சுற்ற வேண்டும். இந்த இஞ்சின் ஆட்டோமேட்டிக்கோடு பிறந்தது என்பதால் அதன் குழி பெரியது, நுனி உள்ளே ஆடும். நடுவில் வளையம்போல ஒரு புஷ் வேண்டும்.

ஜெயங்கொண்டத்தில் சிந்தாமணியின் லேத் பட்டறைக்குக் கிருஷ்ணமூர்த்தியோடு வளர்மதியும் போனாள். சிந்தாமணிக்கு ஐம்பது வயது இருக்கும். சேலைமேல் காக்கிச் சட்டை, மூக்குத்தி, கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கன்மெட்டல் என்கிற வெண்கலத் துண்டை மிஷினில் மாட்டினாள். பொன்னிறத் தூள் மழைபோல உதிர்ந்தது. அளப்பாள், ஒரு மயிரளவு சீவுவாள், மறுபடி அளப்பாள்.

"என்னாக்கா இவ்ளோ பாக்குறீங்க?"

"சின்ன சாமானு, அதனாலதான். பெரிய சாமான்ல கொறை இருந்தா கண்ணுக்குத் தெரியும். இது உள்ள போயி ஒக்காந்துரும், அப்பறம் ஆராலயும் பாக்க முடியாது." சிந்தாமணி வளர்மதியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். முந்திரி ஓட்டுப் பால் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்த விரல்கள். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். அதிலும் கறுப்பு. "ஒன் கறை போவுமா, ஏங் கறை போவுமா, பாக்கலாம்" என்று சிரித்தாள்.

புஷ் ஆள்காட்டி விரல் நுழைகிற அளவு இருந்தது. மோதிரம் மாதிரி மின்னியது. வளர்மதி அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கியர் பாக்ஸை ஏற்றுவது என்று முடிவாயிற்று. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஏற்றிவிட வேண்டும். பூவரசன் அதில் கண்டிப்பாக இருந்தான்.

வளர்மதி வீட்டிலிருந்து தாம்பாளம் எடுத்து வந்திருந்தாள். ஷெட்டில் சாமி படத்துக்கு முன்னால் அதில் வெற்றிலை பாக்கு, பழம், விபூதி, உடைத்த தேங்காய், உதிரி மல்லிகை எல்லாம் பரப்பினாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. தகரக் கூரை படபடவென்று வெடித்தது. பிளைவீல் சக்கரத்தைப் பூட்டும்போது ஒரு போல்ட் மரை பிடிக்காமல் சண்டித்தனம் பண்ணி அரைமணி நேரத்தைத் தின்றது.

"மணி பத்து அஞ்சுடா" என்றான் பூவரசன்.

"தெரியுது மச்சான்."

"பத்து பத்து."

"நீ கெடிகாரமாப் பொறந்திருக்க வேண்டியவன். தள்ளு."

தட்டை மாட்டி, கிளட்சை மாட்டி, இரண்டு ஜாக்கியில் கியர் பாக்ஸைத் தூக்கினார்கள். கிருஷ்ணமூர்த்தி மல்லாக்கப் படுத்துக்கொண்டு நெஞ்சால் தாங்கினான். பூவரசன் பக்கவாட்டில் முட்டிபோட்டுத் தள்ளினான். வளர்மதி கீழே டார்ச் பிடித்தாள். தண்டு சரக்கென்று உள்ளே போயிற்று. மாயம்போல ஒரே தள்ளில்.

"பாத்தியா, நல்ல நேரத்துல செஞ்சா வெண்ணெ மாதிரி எறங்குது" என்றான் பூவரசன். பத்து இருபத்திரண்டு. சூடம் ஏற்றினார்கள். மூன்று பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மிச்ச வேலைகள் முடிந்து சாவியைத் திருப்பியபோது மணி பதினொன்றரை. இஞ்சின் முதல் உதைப்பிலேயே உறுமியது. பூவரசன் ஸ்டியரிங்கில், வளர்மதி பக்கத்தில், அவள் காலடியில் டிரைவிங் ஸ்கூல் பெடல்.

"நான் 'ம்'ன்னா அமுக்கு. மறுபடி 'ம்'ன்னா வுடு. முந்திரிக்கு வுடுற மாதிரி மெதுவா."

"ம்" என்றான்.

அமுக்கினாள். அடியிலிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம், அம்மியில் மணல் விழுந்த மாதிரி. பூவரசன் கியரைத் தள்ளினான். பல்லோடு பல் நறநறத்தது. காலை எடுத்தால் சத்தம் நின்றது. அமுக்கினால் மறுபடி வந்தது. நாலு தடவை, ஐந்து தடவை. கியர் விழவே இல்லை.

இஞ்சினை நிறுத்திவிட்டுக் கிருஷ்ணமூர்த்தி தரையில் உட்கார்ந்தான்.

"தட்டு கோணலாப் போச்சு போல. இல்லன்னா கியர் பாக்ஸே சொத்தையா இருக்கும். எங் கண்ணு அவிஞ்சு போச்சு மச்சான்."

பூவரசன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியுமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் வளர்மதி.

"ம்."

அந்த "ம்" அவளுக்குத் தெரிந்த பழைய "ம்". அவளால் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கிப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். என்ன வேண்டிக்கொள்வது என்றும் தெரியவில்லை. விபூதியாவது எடுத்துப் புருஷன் நெற்றியில் வைக்கலாம் என்று தாம்பாளத்தில் பூவை ஒதுக்கினாள்.

மல்லிகைக்கு அடியில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தங்கம்போல உட்கார்ந்திருந்தது புஷ்.

காலையில் அவள்தான் வைத்தாள். உள்ளே போய்விட்டால் யாராலும் பார்க்க முடியாது என்று சிந்தாமணி சொன்னாளே, போவதற்கு முன்னால் சாமி ஒருதடவை பார்த்துவிடட்டும் என்று வைத்தாள். எடுத்துக் கொடுக்க மறந்துபோனாள். அவசரத்தில் அவர்களும் கேட்கவில்லை. தண்டு வெண்ணெய் மாதிரி இறங்கியதன் காரணம் இதுதான். தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை.

சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது. கிருஷ்ணமூர்த்தி தன் கண்ணையும் கையையும் திட்டிக்கொண்டு இன்னொரு கியர் பாக்ஸ் தேடிப் போவான். அதற்குள் ஞாயிறு போய்விடும்.

அவன் முன்னால் போய் உள்ளங்கையை விரித்தாள்.

"அண்ணே, ஏந் தப்புண்ணே. நாந்தான் தட்டுல வச்சேன்."

கிருஷ்ணமூர்த்தி புஷ்ஷைப் பார்த்தான். குங்குமத்தைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"மச்சான், எறங்கி வா. ஒன் வண்டிக்கி ஒண்ணும் இல்ல. புஷ்ஷு சாமி கும்புடப் போயிருக்கு."

பூவரசன் காலை இழுத்துக்கொண்டு வந்தான். விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மனைவியைப் பார்த்தான்.

"ஏ புள்ள, ஒன்ன..."

"தங்கச்சிய ஒண்ணும் சொல்லாத" என்றான் கிருஷ்ணமூர்த்தி. "நெஞ்சுல வச்சுத் தாங்குனவன் நானு. அந்தக் குழியில வெரல வுட்டுப் பாத்துட்டு ஏத்தணும், அது எஞ்சோலி. பத்து பத்து, பத்து பத்துன்னு கழுத்தறுத்தவன் நீயி. அந்தப் புள்ள சும்மா இருந்திருந்தா நாம வேற எதையோ மாத்திகிட்டுக் கெடப்போம். கொண்டாந்து காட்டுச்சு பாரு, அதுக்கே கோயில் கட்டணும்."

"இப்ப ராகு காலமா இருக்கே?" என்றாள் வளர்மதி.

"கழட்டுறதுக்கு ராகு காலம் பாக்க வேணாம் தங்கச்சி. கழட்டி முடிக்கவே அது ஓடிப் போயிரும். நீ சோத்த எடுத்து வையி."

பசி நேரம். தூக்கில் கொண்டுவந்த முந்திரிப் பருப்புக் குழம்பும் சோறும் மோர்மிளகாயும் வைத்தாள். அன்றைக்கு அதிசயமாகக் குழம்பில் நிறைய உடைசல் கிடந்தது. மனசு வண்டியில் இருந்த வாரம் கால் சரியாக அமுக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "ஒங்க வூட்டுக் கொழம்புல பருப்பு கண்ணுல பட்டது இன்னைக்குத்தான்" என்றான்.

வெயில் சாயும்போது கியர் பாக்ஸ் மறுபடி இறங்கி, புஷ் மரக்கட்டை வைத்துத் தட்டிக் குழிக்குள் போயிற்று. மஞ்சளைத் துடைக்க வேண்டாம் என்று பூவரசன் சொன்னான். "தொடைக்காட்டா தண்டக் கடிக்கும்டா" என்று சொல்லிக் கிருஷ்ணமூர்த்தி துடைத்தான். இந்த முறை தண்டு சுலபமாகப் போகவில்லை. அசைத்து அசைத்து, கொஞ்சிக் கெஞ்சி, புஷ் அதை அளவாக உள்ளே வாங்கிக்கொண்டது. அப்போது யாரும் மணி பார்க்கவில்லை.

"ம்."

அமுக்கினாள். சத்தமே இல்லை. கியர் விழுந்தது.

"ம்."

விட்டாள், ஓடு பிளந்து பருப்பு நோகாமல் நிற்கிற அந்த இடம் வரைக்கும் மெதுவாக. வண்டி ஷெட்டைவிட்டு வெயிலுக்குள் நடந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டி. ராகு காலம் முடிந்து ஆறு மணிக்குப் பெண் அழைப்பு கிளம்பியது. பின்சீட்டில் பெண்ணும் தோழிகளும். முன்னால் இரட்டை நாயனம், இரட்டைத் தவில். பெண்ணின் தகப்பனார் முத்துசாமி புதுவேட்டி தடுக்க முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா பூவரசா, முன்சீட்டுல மாப்ள வூட்டு அத்தை ஒக்காரட்டுமே. ஒம் பொண்டாட்டிய பஸ்ல அனுப்பிச்சிரலாம்."

"அது எறங்குனா வண்டி ஓடாதுங்க."

"அவ்வளவு ஆசையா பொண்டாட்டி மேல?"

"நெசமாவே ஓடாதுங்க" என்றான் பூவரசன். தோழிகள் சிரித்தார்கள். வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் கியர் போட்டதும் வண்டி மாடு மாதிரி நடந்தது. கிருஷ்ணமூர்த்தி சொன்ன அதே நடை. நாயனக்காரரின் குதிகாலுக்கும் பம்பருக்கும் நடுவில் நாலு முழம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் கால் பெடலின் பக்கத்தில் சும்மா இருந்தது. மனசுக்குள் சிந்தாமணியின் கறுத்த கையும், தரையில் உட்கார்ந்து சிரித்த கிருஷ்ணமூர்த்தியின் முகமும் வந்து போயின. ஜெயங்கொண்டத்தில் சீவிய ஒரு விரல் அளவுத் துண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இந்தக் கல்யாணத்தைத் தாங்கிக்கொண்டு சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கோயில் முக்கில் ஆரத்தித் தட்டோடு இரண்டு பெண்கள் திடீரென்று குறுக்கே வந்தார்கள். தவில் நின்றது. பூவரசனின் வலது கால் பிரேக்குக்குப் போயிற்று. அவன் "ம்" என்று வாயெடுப்பதற்குள் வளர்மதியின் கால் அமுங்கியிருந்தது. இஞ்சின் குலுங்கவில்லை, அணையவில்லை. பின்சீட்டில் பெண் மடியிலிருந்த தேங்காய்கூட உருளவில்லை.

பூவரசன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"நான் சொல்லலியே."

"சொல்லுவீங்கன்னு தெரியும்."

ஆரத்தி சுற்றினார்கள். முத்துசாமி தாம்பூலத் தட்டில் டிரைவருக்கான துண்டோடு வந்து, ஆளுக்கு ஒரு பெடலில் கால் வைத்திருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்னால் வந்தவர்களுக்குக் குரல் கொடுத்து ஒரு ரவிக்கைத் துணியும் எடுத்துவரச் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் துண்டு கிருஷ்ணமூர்த்திக்கும், ரவிக்கைத் துணி சிந்தாமணிக்கும் போயின. கிருஷ்ணமூர்த்தி துண்டை உடனே தலையில் கட்டிக்கொண்டு இன்னொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான்.

கொடுத்துவிட்டு வந்து வளர்மதி மிஷினில் உட்கார்ந்தாள். தேங்கிப்போன கொட்டை மூட்டையோடு காத்திருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் பூவரசன் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீர் விசிறி அடிக்கிற சத்தம். அவள் ஒரு கொட்டையைக் கத்திகளுக்கு நடுவில் வைத்தாள். காலைக் கட்டைமேல் வைத்தாள். என்னவோ, அமுக்காமல் ஒரு நொடி அப்படியே இருந்தாள்.

சன்னலுக்கு வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது, பூவரசன் எட்டிப் பார்த்தான்.

"ம்" என்றான். "நேத்து நான் சொல்லாம வுட்டது ஒண்ணு பாக்கி நின்னுச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. அமுக்கினாள். ஓடு பிளந்து, பருப்பு முழுசாக விழுந்தது.